வார் மாற்றும் கவை

கைக்கடிகாரத்தின் வாரை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்யும் நண்பர்கள் முதலில் செய்கிற காரியம், பதினைந்து இருபது உருப்படிகள் அடங்கிய ஒரு கருவிப்பெட்டியை வாங்குவது. சிறு சுத்தியல், ஊசிகள், சாமணம், கடிகாரத்தின் பின்மூடியைத் திறக்கும் திருகி, செயினைத் தாங்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கட்டை, எதற்கென்றே விளங்காத இன்னும் சில. விலை சில நூறு ரூபாய்தான். அந்தப் பெட்டியை வாங்காதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏற்பதும் மறுப்பதும் வாசகர் விருப்பம்.

தோல் வாரைக் கடிகாரத்தோடு பிணைத்திருப்பது ஒரு மெல்லிய உலோகக் குழல். அதனுள்ளே ஒரு சுருள்வில். இரு முனைகளையும் அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். ஸ்பிரிங் பின் என்கிறோம். கடிகாரத்தின் மேலும் கீழும் நீண்டிருக்கும் நான்கு காதுகளின் உட்புறத்தில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத குழிகள் உண்டு. பின்னின் முனைகள் அவற்றில் உட்கார்ந்திருக்கும். முனைக்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு சிறு விளிம்பு. அந்த விளிம்பைப் பற்றி உள்நோக்கித் தள்ளினால் முனை குழியை விட்டு விடுபடும். வார் மாற்றும் வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

ஆனால் வாருக்கும் காதுக்கும் நடுவே மயிரிழையளவே இடைவெளி. அதில் நுழைய வேண்டுமானால் கருவியின் கவை மிக மெலிதாக இருக்கவேண்டும். மெலிதாக இருந்தும் வளையாதிருக்கவேண்டும். இவ்விரண்டும் ஒருசேர அமைவது எஃகின் தரத்தைப் பொறுத்தது. மலிவுப் பெட்டியில் வரும் கவை பெரும்பாலும் தடித்திருக்கும், அல்லது இரண்டாம் தடவையிலேயே வளையும். தடித்த கவை நுழையாது. நுழையாததை நாம் பலங்கொண்டு அழுத்துவோம். அழுத்தியது வழுக்கிக்கொண்டு போய்க் காதின் மேல் ஒரு கோடு இழுக்கும்.

ஒரு கோடுதானே என்று கேட்கலாம். நம் வீடுகளில் வார் மாற்றுவதற்காக எடுக்கப்படுகிற கடிகாரங்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் ஏதோவொரு மாதிரி. அப்பாவின் ஓய்வுநாளன்றோ மாமாவின் திருமணத்திலோ வந்தது. அல்லது ஓசூரிலிருந்து வந்த முதல் தலைமுறை டைட்டன். எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்துவிட்டது. அசல் உடல் மாற்றாகக் கிடைப்பது எளிதன்று. அதைவிட முக்கியம், பழைய கடிகாரங்கள் பலவற்றின் உடல் முழுக்க எஃகன்று. பித்தளைமேல் குரோம் பூச்சு. ஆழமான கீறல் அந்தப் பூச்சைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் வியர்வை இறங்கும், பித்தளை பச்சைபூக்கும். மெருகேற்றிச் சரிசெய்ய முயன்றால் மிச்சமுள்ள பூச்சும் போய்விடும். எஃகுக் கடிகாரமானாலும் கீறலைத் தேய்த்து எடுப்பதென்பது சுற்றிலுமுள்ள உலோகத்தையும் கீறலின் ஆழத்துக்குக் குறைப்பதுதான்.

ஆகவே பெட்டிக்குப் பதில் ஒரேயொரு கருவி. பேனா அளவிலான கைப்பிடி, ஒரு முனையில் மெல்லிய கவை, மறுமுனையில் ஊசி. இரண்டும் திருகிக் கழற்றி மாற்றத்தக்கவையாக இருக்கவேண்டும். சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் நகரில் 1791 முதல் இருந்துவரும் பெர்ஜியான் நிறுவனத்தின் 6767 வரிசை இவ்வகையில் பெயர்பெற்றது. மலிவுப் பெட்டியைப்போலப் பல மடங்கு விலை. கடிகாரப் பிரியர்கள் அந்த எண்ணை மந்திரம்போல உச்சரிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவ்வளவு பக்தி இல்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை வார் மாற்றுகிறவருக்கு மாற்றத்தக்க முனையுடைய நடுத்தர விலைக் கருவியே போதும். கைப்பிடியின் பளபளப்பைப் பார்க்காமல் கவையின் மெல்லிமையைப் பாருங்கள்.

மறுமுனையின் ஊசி எதற்கென்று சிலர் கேட்பதுண்டு. சில கடிகாரங்களில் காதின் வெளிப்புறம்வரை துளை போடப்பட்டிருக்கும். அங்கே கவையே வேண்டாம். வெளியிலிருந்து ஊசியால் பின்னின் முனையை அழுத்தினால் வார் கையோடு வந்துவிடும். இவ்வளவு வசதியான அமைப்பை அழகின் பெயரால் பல நிறுவனங்கள் கைவிட்டது எனக்குப் பிடித்தமானதன்று.

உலோகச் செயினில் வேலை வேறு. தோல் வாருக்கு வாங்கிய கருவி செயினைக் கடிகாரத்திலிருந்து கழற்ற உதவலாம். கண்ணிகளைக் குறைக்கவோ கூட்டவோ உதவாது. எனவே எதையும் வாங்குமுன் செயினின் பக்கவாட்டைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கண்ணியின் ஓரத்தில் திருகாணியின் கோடு தெரிந்தால் சுத்தியலுக்கு அங்கே வேலையில்லை. நல்ல திருப்புளி ஒன்று வேண்டும். அதன் அலகு கோட்டின் அகலத்தை நிறைக்கவேண்டும். குறுகலானது திருகாணியின் தலையைச் சிதைக்கும். அகலமானது கண்ணியைக் கீறும். திருகாணி அசையாவிட்டால் பசையிட்டு இறுக்கியிருப்பார்கள். கடிகாரத்திலிருந்து செயினைத் தனியே கழற்றிவிட்டு, அந்தக் கண்ணியை மட்டும் முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினால் பசை பெரும்பாலும் இளகும்.

கோடு தெரியாமல் வெறும் புள்ளி தெரிந்தால் அழுத்திச் செருகிய ஊசி. கண்ணியின் உட்புறம் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் திசையில் ஊசியைத் தட்டி வெளியேற்றவேண்டும். திரும்பச் செருகுவது எதிர்த்திசையில். ஊசியைத் தள்ளும் கோல் ஊசியைவிடச் சற்றே மெலிதாயிருக்கட்டும், சுத்தியலின் தலை பித்தளையாகவோ நைலானாகவோ இருக்கட்டும். செய்கோவின் செயின்கள் சிலவற்றில் ஊசியைப் பிடித்துவைப்பது கண்ணிக்குள் ஒளிந்திருக்கும் கடுகளவுக் குழல் ஒன்று. ஊசி வெளியேறும்போது அதுவும் சத்தமின்றி உதிரும். அது இல்லாமல் ஊசியை மட்டும் செருகினால் செயின் சில நாள் நிற்கும், பிறகு பேருந்திலோ சந்தையிலோ கழன்று விழும். வெள்ளைத் துணி விரித்த தாம்பாளத்தின் மேல் இந்த வேலையைச் செய்வது உத்தமம்.

பெட்டியை நான் வேண்டாமென்பதற்குப் பின்மூடித் திருகியும் ஒரு காரணம். வார் மாற்ற உட்கார்ந்தவர் கையில் அது இருந்தால் மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றும். உள்ளே தூசி போகும், நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் நெளியும். அந்த வேலை கடைவீதியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒற்றைக்கண் லென்ஸோடு உட்கார்ந்திருக்கும் பெரியவருடையது. வாரை நாமே மாற்றினால் அவர் பிழைப்பு என்னாவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். வார் விற்பதில் அவருக்கு ஏதோ கிடைக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கல்வி பல்சக்கரங்களில் இருக்கிறது. எண்ணெய் விடவும் சுத்தம் செய்யவும் அவரிடம் கொண்டுபோகிறவர்கள் குறைந்ததே அவருக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

இப்போது வரும் வார்கள் பலவற்றின் பின்னில் சிறு நெம்பு வைத்திருக்கிறார்கள். நகத்தால் இழுத்தால் போதும், கருவியே தேவையில்லை என்பார் இன்னொருவர். தோல் வாருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஏற்கெனவே கட்டியிருக்கும் பழைய வாரைக் கழற்றக் கவை வேண்டுமே!

வார் வாங்குமுன் காதுகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 18, 20, 22 மி.மீ. ஆகியவை பரவலானவை. ஒரு மி.மீ. குறைந்தாலும் வார் இருபுறமும் ஆடும். கழற்றுமுன் காதுகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். கடிகாரத்தையும் கைகளையும் ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தால், தெறிக்கும் பின்னைக் கட்டிலுக்கடியில் தேடவேண்டியதில்லை. புது வாருக்குப் பழைய பின்னையே போடவும் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் வியர்வையின் உப்பு அந்தக் குழலுக்குள் இறங்கிச் சுருள்வில்லைத் துருவேற்றியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. விரலால் அழுத்திப் பாருங்கள். தயங்கித் தயங்கி வெளிவரும் முனை, ஓடும் ரயிலின் படிக்கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் கையிலிருந்து கடிகாரத்தை உதிர்த்துவிடக்கூடியது. புதுப் பின் ஒரு ஜோடி, தேநீர் விலைக்குக் கிடைக்கிறது.