எதிர்க்கட்சி எதிரிக்கட்சி அன்று!

ஒரு தேர்தல் முடிந்த சில வாரங்களில் எங்களூர்ப் பெரியவர் ஒருவர் மறைந்தார். ஜனாஸாவுக்கு ஊரே திரண்டது. அதே தெருவில் வாழும் அவருடைய உடன்பிறந்த தம்பி மட்டும் வரவில்லை. சந்தூக்கிற்குத் தோள் கொடுக்கவில்லை. கபுரில் மூன்று பிடி மண் இடவுமில்லை. நிலத்தகராறா? இல்லை. கொடுக்கல் வாங்கலில் வந்த பகையா? அதுவுமில்லை. அண்ணன் ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்டார். தம்பி மற்றொரு கட்சிக்குக் கேட்டார். அவ்வளவே! அக்கட்சிகளின் தலைவர்கள் அடுத்த தேர்தலில் ஒரே மேடையில் அமர்ந்து மாலை மாற்றிக்கொள்ளக்கூடும். மண்ணறைக்குள் சென்றுவிட்ட அண்ணனைத் தம்பி இனி எந்த மேடையில் காண்பார்?

இதனை ஒரு குடும்பத்தின் குறையென ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. நாட்டைப் பற்றியிருக்கும் நோய் நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. மாற்றுக்கருத்துக் கூறுவோன் இன்று பிழையாக எண்ணுபவன் அல்லன், துரோகி! அவனுடைய நாட்டுப்பற்று ஐயுறப்படுகிறது. அவனுடைய பிறப்பும் மதமும் சந்திக்கு இழுக்கப்படுகின்றன. கைப்பேசியில் வந்த பொய்யொன்று, மெய்யா என்று வினவப்படாமலேயே அவன்மீது வீசப்படுகிறது. வீசுவோரில் நம்மவரும் உளர் என்பதை மறைப்பதில் பயனில்லை.

மத்ரஸாக்களில் ‘முனாளரா’ என்றொரு கலை உண்டு. அது வாதம் புரியும் நெறியைக் கற்பிப்பது. உண்மை வெளிப்படவேண்டும் என்று இருவர் ஆராய்வதே முனாளரா. எதிராளியின் வாயை அடைப்பதே நோக்கமாயின், அது முஜாதலா. அவ்விரண்டும் இன்றி வெறும் வீம்புக்காக வாதிடுவது முகாபரா. வேறுபாடு எந்த இடத்தில் என்பதை முதலில் வரையறுத்துக்கொள் என்பது அக்கலையின் தொடக்கப்பாடம். நம் தொலைக்காட்சி விவாதங்களையும் தேர்தல் மேடைகளையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். முகாபராவைத் தவிர வேறென்ன தேறும்?

இந்நாட்டின் ஜனநாயகம் இவ்வாறு பிறந்ததன்று. அரசியல் நிர்ணய சபையில் வரைவுக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. அவற்றுள் 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. 1949 நவம்பர் 25 அன்று நிறைவுரை ஆற்றிய டாக்டர் அம்பேத்கர், கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் எதிர்த்து வாதிட்ட காமத், குன்ஸ்ரூ, கே.டி. ஷா முதலியோரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். அவர்கள் இல்லையேல் சபை சுவையற்றுப் போயிருக்கும் என்றார். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்திற்கே வழிவகுக்கும் என்று எச்சரித்ததும் அதே உரையில்தான். அவரோ காங்கிரஸைக் கடுமையாகச் சாடி வந்தவர்; காங்கிரஸ் பெரும்பான்மை வகித்த அச்சபையே அவரை வரைவுக்குழுவிற்குத் தேர்ந்தெடுத்தது; அக்குழு அவரைத் தன் தலைவராக்கியது. முஸ்லிம் லீகைச் சேர்ந்த அஸ்ஸாமின் சையத் முஹம்மத் சஅதுல்லாவும் அக்குழுவில் இருந்தார்.

அதே சபையில் 1947 ஆகஸ்டில் தனித்தொகுதி கோரினார் சென்னை மாகாணத்து பி. போக்கர் சாகிப். காரசாரமான விவாதத்திற்குப்பின் கோரிக்கை தோற்றது. அவர் வெளியேறி முடங்கிவிட்டாரா? 1952-இல் அதே அரசியல் சட்டத்தின்கீழ்ப் போட்டியிட்டு வென்று மலப்புரத்தின் பிரதிநிதியாக மக்களவையில் அமர்ந்தார். தோற்றவர் முடிவை ஏற்றார். வென்றவர் கதவை அடைக்கவில்லை. ஜனநாயகம் என்பது இதுவன்றோ!

தமிழகத்திற்கும் சான்று உண்டு. 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித்திட்டத்தைக் குலக்கல்வி என்று கூறி முழுமூச்சாக எதிர்த்தவர் பெரியார். 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை வந்து கண்ணீர் விட்டவரும் அவரே. கொள்கையில் ஒரு அணுவும் விட்டுக்கொடுக்காதவர், நண்பரின் இறுதிப் பயணத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

“அநீதியையும் பொறுத்துக்கொள் என்கிறீரா?” என்று இளைஞர்கள் வினவுவர். இல்லை! அநீதியை எதிர்ப்பது கடமை. வழக்கு மன்றத்தில், வாக்குச்சாவடியில், எழுத்தில், அறப்போரில் எதிர்ப்போம். ஆனால் அநீதியை எதிர்ப்பது வேறு. அயலானை வெறுப்பது வேறு. எளியவனிடம் மட்டும் பொறுமையை உபதேசித்து, வலியவன் வசைபாடுவதைக் கண்டும் காணாதிருப்பது சகிப்புத்தன்மையும் அன்று. அது கோழைத்தனத்தின் மறுபெயர். அரபியில் சகிப்புத்தன்மைக்குரிய சொல் ‘தஸாமுஹ்’. பெருந்தன்மை என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது; இருதரப்பும் ஒருவர்க்கொருவர் செய்துகொள்வதைக் குறிக்கும் வாய்பாட்டில் அமைந்தது. ஒருதலையான தஸாமுஹ் இலக்கணத்திலும் இல்லை; ஜனநாயகத்திலும் இல்லை. பெரும்பான்மைக்கு ஆளும் உரிமை உண்டு. சிறுபான்மையின் வாயடைக்கும் உரிமை இல்லை. இன்றைய பெரும்பான்மை நாளைய சிறுபான்மை ஆகலாம் என்பதை ஆள்வோர் மறத்தலாகாது.

ஆகவே, அன்பர்களே! உங்கள் வாக்கு உங்கள் உரிமை. அதனை எவருக்கேனும் அஞ்சி மாற்றாதீர்கள். வீட்டில் விவாதியுங்கள், மகன் மாறுபட்டுப் பேசினால் இடைமறிக்காமல் கேளுங்கள். ஆயினும் விவாதம் முடிந்தபின் ஒரே சஹனில் அமர்ந்து உண்ணுங்கள். தேர்தல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும். சந்தூக்கிற்குத் தோள் கொடுக்கும் வாய்ப்போ ஒருமுறைதான் வரும்.