ஹோண்டா டீமும் உடைந்த இரண்டு எலும்புகளும்



எலும்பு முறிவு வார்டில் ரவுண்ட்ஸ் போனா தினமும் காதுல விழுற கேள்வி இது. "பிளேட் வச்சாச்சுல்ல டாக்டர், எப்ப இருந்து வண்டி ஓட்டலாம்?" தையல் பிரிக்கிறதுக்கு முன்னாடியே கேட்பாங்க. பைக் ரேஸ் பார்க்கும் தம்பிகளா இருந்தா கூடவே ஒரு உதாரணமும் வரும். "மார்க்கெஸ் நாலே நாள்ல ஓட்டினாரே சார்!"

ஓட்டினார். உண்மைதான். ஆனா அந்த வீடியோவோட மீதிக் கதையை யாரும் ஷேர் பண்றதில்லை. அதைத்தான் இந்தத் திரெட்டில் எழுதப்போறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஜெரெஸ் டிராக்கில் அந்த மனிதரை மறுபடி பைக்கில் ஏற அனுமதிச்சது மருத்துவ ரீதியா தப்பான முடிவு. ஒரு வீரரோட கையோடு அது நிக்கல. அறுபது வருஷ வரலாறு உள்ள ஒரு டீமையே சாய்ச்சிடுச்சு.

அந்த டீம் ஹோண்டா. மோட்டோஜிபியில் இரண்டு வகை டீம் உண்டு. கம்பெனியே நேரடியா நடத்துறது ஃபேக்டரி டீம். கம்பெனிகிட்ட பைக் வாங்கி ஓட்டுறது சேட்டிலைட் டீம். நான் சொல்றது முதல் வகை.

கதை 1954-ல் ஆரம்பிக்குது. கம்பெனி தொடங்கி ஆறு வருஷம்கூட ஆகாத நிலையில், "ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸில் கலந்துக்கப் போறோம்"னு சொய்ச்சிரோ ஹோண்டா அறிவிச்சார். அன்னைக்கு ஐரோப்பியர்கள் ஜப்பான் பைக்கை ஒரு பொருட்டாவே மதிக்கல. 1959-ல் 125சிசி பிரிவில் போய் இறங்கினாங்க. நவோமி தனிகுச்சி ஆறாவதா வந்தார், டீம் பரிசும் கிடைச்சது. 1961-ல் பார்சிலோனாவில் டாம் ஃபிலிஸ் மூலமா முதல் கிராண்ட் பிரி வெற்றி. 1966-ல் 50, 125, 250, 350, 500சிசி என்று ஐந்து பிரிவிலும் தயாரிப்பாளர் பட்டம் ஹோண்டாவுக்கே. அடுத்த வருஷத்தோட "போதும்"னு கிளம்பிட்டாங்க.

திரும்பி வந்தது 1979-ல். வந்த விதம்தான் ஹோண்டாவோட குணத்தையே காட்டுது. எல்லாரும் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஜெயிச்சிட்டு இருந்தப்ப, இவங்க பிடிவாதமா ஃபோர் ஸ்ட்ரோக் கொண்டு வந்தாங்க. பிஸ்டன் வட்டமா இல்லாம நீள்வட்டம், ஒரு சிலிண்டருக்கு எட்டு வால்வு! என்ஆர்500 என்ற அந்த அற்புதமான பைக் கிராண்ட் பிரியில் ஒரு சாம்பியன்ஷிப் பாயின்ட்கூட எடுக்கல. கடைசியில் இறங்கி வந்து டூ ஸ்ட்ரோக் செஞ்சாங்க. 1982-ல் ரேஸுக்குன்னே ஹெச்ஆர்சி என்ற தனி நிறுவனம் தொடங்கினாங்க. 1983-ல் ஃப்ரெடி ஸ்பென்சர் 500சிசி சாம்பியன்.

'மெஷின்தான் ஜெயிக்குது' என்பது இந்த டீமோட அடிப்படை நம்பிக்கை. தப்பில்ல, பொறியாளர்கள் அப்படித்தான் யோசிப்பாங்க. ஆனா அந்த மெஷின் மேல உட்கார்றது ரத்தமும் சதையும் உள்ள மனுஷன். அங்கதான் நம்ம துறை உள்ள வருது.

முதல் எலும்பு. 1992 ஜூன், நெதர்லாந்தின் ஆசன் டிராக். ஆஸ்திரேலியாவின் மிக் டூஹான். அந்த சீசனின் முதல் நாலு ரேஸையும் ஜெயிச்சு, சாம்பியன் பட்டம் கிட்டத்தட்ட கையில் இருந்தது. பயிற்சியின்போது விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைஞ்சது. ஆபரேஷன் நடந்தது. அதுக்கு அப்புறம் காலுக்கு ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டு, காலையே எடுக்கவேண்டி வருமோ என்ற நிலை.

அப்போ ரேஸ் மருத்துவரான இத்தாலியின் டாக்டர் கிளாடியோ கோஸ்டா, டூஹானை இத்தாலிக்குக் கொண்டு போனார். அங்கே நடந்ததைப் படிக்கும்போது இன்னமும் எனக்கு மெய் சிலிர்க்கும். நல்லா இருந்த இடது காலையும் அடிபட்ட வலது காலையும் சேர்த்துத் தைச்சாங்க! இடது காலின் ரத்த ஓட்டத்தைக் கடன் வாங்கி வலது காலைக் காப்பாத்தினாங்க. கால் பிழைச்சது.

இது வரைக்கும் மருத்துவத்தின் உச்சம். கைதட்டலாம்.

இதுக்கு அடுத்தது எனக்குச் சம்மதமில்லை. விபத்து நடந்து இரண்டே மாசத்தில், பிரேசில் ரேஸில் டூஹான் பைக்கில் உட்கார்ந்தார். பன்னிரண்டாவது இடம். அடுத்து தென்னாப்பிரிக்காவில் ஆறாவது. சாம்பியன் பட்டம் யமஹாவின் வேய்ன் ரெய்னிக்கு, 140க்கு 136 என்று வெறும் நாலு பாயின்ட் வித்தியாசத்தில் போச்சு.

டூஹான் அதுக்கப்புறம் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து தடவை சாம்பியன் ஆனார். வலது கணுக்கால் சரியா அசையாததால், பின் பிரேக்கை இடது கைக் கட்டைவிரலால் அழுத்துற மாதிரி பைக்கையே மாத்தினாங்க. 54 வெற்றி. எல்லாமே ஹோண்டாவில்.

ரேஸ் உலகம் இதுல இருந்து படிச்ச பாடம் என்ன தெரியுமா? "மன உறுதி இருந்தா எலும்பு கூடிடும்." வருஷக் கணக்கை நல்லா பாருங்க. அவசரப்பட்டு வந்த 1992-ல் பட்டம் வரல. 1993-லயும் வரல. நேரம் கொடுத்து, காலை மறுபடி சரி பண்ணி, பைக்கையும் காலுக்கு ஏத்த மாதிரி மாத்தினதுக்கு அப்புறம் 1994-ல்தான் வந்தது. கோப்பை கொடுத்தது பொறுமை. பேர் வாங்கினது அவசரம்.

நடுவில் ஒரு இருபது வருஷத்தை வேகமா கடந்துடலாம். வலென்டினோ ரோஸி ஹோண்டாவில் மூணு தடவை சாம்பியன் ஆகிட்டு, 2004-ல் யமஹாவுக்குப் போய் முதல் ரேஸையே ஜெயிச்சார், பட்டமும் ஜெயிச்சார். 'மெஷின்தான் ஜெயிக்குது' என்ற நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அறை அது. அப்புறம் ஹேடன், ஸ்டோனர். 2013-ல் வந்தார் மார்க் மார்க்கெஸ். ஏழு வருஷத்தில் ஆறு பட்டம். 2019-ல் அவர் முடிச்ச ஒவ்வொரு ரேஸிலும் முதல் இடம் இல்லைன்னா இரண்டாவது இடம். மொத்தம் 420 பாயின்ட். அதே பைக்கில் அதே டீமில் அந்த வருஷம் ஹோர்ஹே லோரென்ஸோ எடுத்தது 28. அவரும் முன்னாள் உலக சாம்பியன்தான்! இத்தனை வித்தியாசம் இருந்தா அந்த டீம் ஒற்றை மனிதனோட உடம்பை நம்பி ஓடுதுன்னு அர்த்தம். அந்த உடம்பைப் பொக்கிஷம் மாதிரி பாதுகாத்திருக்கணும் இல்லையா?

இரண்டாவது எலும்பு. 2020 ஜூலை 19, ஞாயிறு, ஜெரெஸ். கொரோனாவால தள்ளிப்போன சீசனின் முதல் மோட்டோஜிபி ரேஸ். பின்தங்கிப் போய், அங்கிருந்து வெறித்தனமா முன்னேறி மூணாவது இடத்துக்கு வந்திருந்த மார்க்கெஸ் தூக்கி எறியப்பட்டார். வலது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் உள்ள ஹியூமரஸ் எலும்பு உடைஞ்சது.

செவ்வாய்க்கிழமை பார்சிலோனாவில் டைட்டானியம் பிளேட் வச்சாங்க. வியாழக்கிழமை ஜெரெஸ் டிராக்கில் மருத்துவப் பரிசோதனை. புஷ்-அப் எடுத்துக் காட்டினார், "ஃபிட்"னு சொல்லிட்டாங்க. சனிக்கிழமை பைக் ஓட்டினார். முடியல, விலகினார். ஆகஸ்ட் 3-ல் இரண்டாவது ஆபரேஷன். காரணம்? வீட்ல பெரிய கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தப்ப பிளேட் போயிடுச்சு.

பாவம் அந்தக் கதவு. அது என்ன பண்ணும்?

இங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. உங்க வீட்டு ஆளுக்கும் இது பயன்படும். எலும்பு உடைஞ்ச இடத்தில் முதலில் ரத்தம் உறையும். இரண்டு மூணு வாரத்தில் ரப்பர் மாதிரி மெத்துன்னு ஒரு திசு உருவாகும். அது கெட்டியாகி எலும்பா மாற ஆறு வாரம், பன்னிரண்டு வாரம்னு ஆகும். பழைய பலம் வர இன்னும் பல மாசம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்களுக்கும் சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும் இதைவிட லேட் ஆகும்.

பிளேட் எலும்பை ஒட்ட வைக்கிற பசை இல்லை. எலும்பு கூடுற வரை இரண்டு துண்டையும் அசையாம பிடிச்சு வைக்கிற சாரம், அவ்வளவுதான். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சுக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்தில் பட்டுன்னு உடையும் இல்லையா, பிளேட்டும் அப்படித்தான். எலும்பு முதலில் கூடுமா, பிளேட் முதலில் உடையுமா என்பதுதான் இங்க நடக்கிற உண்மையான ரேஸ். நாலு நாளில் எலும்பு இன்னும் ஸ்டார்டிங் லைன்லகூட வந்து நிக்கல. அந்தக் கையோட, முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் இருந்து பிரேக் பிடிக்கும்போது உடம்பு பாரம் முழுக்கக் கையில்தான் இறங்கும்.

புஷ்-அப் எடுத்தார்னா எலும்பு கூடிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. பிளேட் இன்னும் உடையலன்னு அர்த்தம். வலியைத் தாங்குறார்னு அர்த்தம். அந்தப் பரிசோதனை தப்பான கேள்வியைக் கேட்டுட்டு, சரியான பதில் வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டுச்சு.

"2013-ல் லோரென்ஸோ காலர் எலும்புக்கு பிளேட் வச்ச மறுநாளே ஆசனில் ஐந்தாவதா வந்தாரே"ன்னு கேட்பீங்க. வந்தார். இரண்டு வாரம் கழிச்சு ஜெர்மனியில் மறுபடி விழுந்து அந்த பிளேட் வளைஞ்சு, மறுபடி ஆபரேஷன். அந்த வருஷப் பட்டம் மார்க்கெஸ்கிட்ட போச்சு. வித்தியாசம்? அதே நாலு பாயின்ட்.

"அவர் உடம்பு, அவர் ரிஸ்க், நடுவில் டாக்டருக்கு என்ன வேலை?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். நோயாளியோட சம்மதத்தை மதிக்கணும்னுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறாங்க. ஆனா பட்டம் பறிபோற பயத்தில் இருக்கிற இருபத்தேழு வயசுப் பையன் சொல்ற "ஓட்டறேன்", முழுத் தகவலோட கொடுக்கிற சம்மதமா? தடுமாறி விழுந்தா பின்னாடி வர்றவங்களுக்கும் ஆபத்து இல்லையா? பாக்ஸிங்கில் தலையில் அடி வாங்கி நாக்-அவுட் ஆனவரை, அவர் எவ்வளவு கெஞ்சினாலும் கட்டாய ஓய்வில் வைக்கிறாங்க. எலும்புக்கும் அப்படி ஒரு குறைந்தபட்ச நாள் கணக்கு வேணும், எந்த எலும்பு, எந்த வகை முறிவுன்னு பிரிச்சு. டீமுக்கும் வீரருக்கும் சம்பந்தமே இல்லாத மருத்துவர், ஸ்கேன் பார்த்துட்டு கையெழுத்துப் போடணும்.

இன்னொண்ணு. ஹெச்ஆர்சி பொறியாளர்கள் விரிசல் விட்ட ஒரு பிஸ்டனை டிராக்கில் விடுவாங்களா? கனவுலகூட மாட்டாங்க. எக்ஸ்ரே எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தூக்கிப் போட்டுடுவாங்க. முழுசா உடைஞ்ச எலும்பை மட்டும் விட்டாங்க. எனக்கு அங்கதான் கோபம்.

அப்புறம் நடந்தது ஹோண்டா வரலாற்றிலேயே மோசமான காலம். 2020-ல் ஹோண்டாவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. எலும்பு கூடல. டிசம்பரில் மூணாவது ஆபரேஷன், எட்டு மணி நேரம், இடுப்பெலும்பில் இருந்து எலும்பு எடுத்து வச்சாங்க. உள்ள கிருமித் தொற்று இருந்ததும் அப்பதான் தெரிஞ்சது. ஒன்பது மாசம் கழிச்சு, 2021 ஏப்ரலில் திரும்பி வந்தவர் மூணு ரேஸ் ஜெயிச்சார். ஆனா கை பழைய கையா இல்லை. எலும்பு திரும்பின கோணத்தில் கூடியிருந்தது. 2022 ஜூனில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நாலாவது ஆபரேஷன். எலும்பை வெட்டி, முப்பது டிகிரிக்கும் மேல திருப்பி வச்சாங்க. அதே மாசம் ஜெர்மனி ரேஸில், அவர் எத்தனையோ தடவை ஜெயிச்ச அதே டிராக்கில், ஹோண்டா பைக் ஓட்டிய ஒருத்தருக்கும் ஒரு பாயின்ட்கூட கிடைக்கல. அந்த வருஷம் தயாரிப்பாளர் வரிசையில் ஹோண்டா கடைசி.

பைக் வடிவமைப்பில் ஹோண்டா பின்தங்கினதுக்கு இந்தக் கை மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. ஐரோப்பிய கம்பெனிகள் காற்றியக்கத்தில் எங்கயோ போயிட்டாங்க. ஆனா பைக்கோட குறையை மறைச்சிட்டு இருந்த ஒரே ஆளை, நாலு நாள் அவசரத்தில் இழந்தாங்க. அந்த முடிவு தவறுன்னு மார்க்கெஸே பின்னாடி பொதுவெளியில் சொல்லிட்டார்.

ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே, 2023 முடிவில் அவர் ஹோண்டாவை விட்டுக் கிளம்பினார். முப்பது வருஷம் கூட இருந்த ஸ்பான்சர் ரெப்சோல் 2024-ஓடு போயிடுச்சு. 2021 அக்டோபரில் மிசானோவில் மார்க்கெஸ் ஜெயிச்சதுக்கு அப்புறம், 2025 சீசன் முடியும் வரை அந்த ஃபேக்டரி டீம் ஒரு ரேஸும் ஜெயிக்கல. நடுவில் வந்த இரண்டு ஹோண்டா வெற்றியும் சேட்டிலைட் டீமோடது.

2025 செப்டம்பர் 28. ஜப்பானின் மோட்டேகி, ஹோண்டாவுக்குச் சொந்தமான டிராக். டுகாட்டியின் சிவப்பு உடையில் மார்க்கெஸ் மறுபடி உலக சாம்பியன் ஆனார். ஆறு வருஷ இடைவெளி.

அடுத்த வாரமே இந்தோனேசியாவில் இன்னொருத்தர் மோதி விழுந்தார். மறுபடி அதே வலது தோள். எலும்பு முறிவு, தசைநார் காயம். முதலில் கையை அசைக்காம வச்சுப் பார்த்தாங்க, சரிவராதுன்னு ஆபரேஷன் பண்ணினாங்க. பட்டம் ஏற்கெனவே கையில் இருந்ததால இந்தத் தடவை முடிவு சுலபமா இருந்திருக்கும். சீசனில் மிச்சம் இருந்த நாலு ரேஸிலயும் அவர் பைக்கில் ஏறல.