பகாங் அணி என்றால் குவாந்தான் மட்டும்தானா?

2009இல் ஆசியான் கூடைப்பந்து லீக் ஆறு அணிகளோடு தொடங்கியபோது மலேசியாவுக்கு ஓர் அணிதான்: கோலாலம்பூர் டிராகன்ஸ். 2016இல் அந்த அணி சிங்கப்பூர் சிலிங்கர்ஸைத் தோற்கடித்துக் கிண்ணம் வென்றது. எங்கள் கம்போங் ராஜா தோட்ட லயங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அது தெரியும்?

தேசிய லீக்கில் நாளை பகாங்குக்கு ஓர் அணி என்றாலும் குவாந்தானில்தான் வைப்பார்கள். காற்பந்தில் பார்த்துவிட்டோமே! நாங்களும் பகாங்தான். ஆனால் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் எங்களுக்கு ஈப்போதான் பக்கம். குவாந்தான் மாநிலத்தின் மறுகோடியில், கடற்கரையில் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் தாய் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஓர் ஆட்டம் பார்க்கப் போனால் வேலை நாளும் போகும், கைக்காசும் போகும்.

இந்நாட்டில் கூடைப்பந்தை வளர்த்தவை சீனப்பள்ளிகள். அது அவர்களின் உழைப்பு, பொறாமைப்பட ஒன்றுமில்லை. தோட்டத் தமிழனுக்குக் காற்பந்துதான் விளையாட்டு. ஆனால் இந்த மலைச்சரிவில் காற்பந்துத் திடலுக்குச் சமதரை எங்கே? கூடைப்பந்துக்கோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் போதும். சிமெண்டுத் தளம் மழை விட்டதும் காய்ந்துவிடும். மலைக்கேற்ற விளையாட்டு இதுதான்!

கூட்டம் வருமா, வசூல் வருமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கம்போங் ராஜாவில் அணி வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பகாங் பெயரைத் தாங்கும் அணி ஆண்டுக்கு இரண்டு ஆட்டமாவது கேமரன் மலையில் ஆடட்டும். இளையோர் தேர்வையும் இங்கே நடத்தட்டும். அந்த அழைப்புக் கடிதம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வரவேண்டும், தேர்வு முடிவதற்கு முன்பே.