அண்டை வீட்டு அடுப்பை அணைக்கும் கருவி

பொதுவளத்தின் அவலத்தை விளக்க, காரெட் ஹார்டின் 1968-இல் காட்டிய மேய்ச்சல் நிலத்தையே நானும் பல்லாண்டுகள் வகுப்பில் எடுத்துக்காட்டி வந்தேன். இன்று பாடம் நடத்த நேர்ந்தால், குளிர்காலப் பாகிஸ்தானின் எரிவாயுக் குழாயைத்தான் காட்டுவேன்.

பலூசிஸ்தானின் சூயி என்னுமிடத்தில் 1952-இல் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. குழாய்வழி எரிவாயுவுக்கே 'சூயி கேஸ்' என்பது பெயராகிவிட்டது. மலிவு விலையில் தலைமுறைகளாகக் கிடைத்த அந்த உள்நாட்டு வளம் இப்போது குறைந்து வருகிறது. 2015 முதல் திரவ இயற்கை எரிவாயு இறக்குமதியாகிறது. உக்ரைன் போர் மூண்ட 2022-இல் ஐரோப்பிய நாடுகள் அதை அதிக விலை கொடுத்து வாங்கிக் குவித்தன. பாகிஸ்தான் கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கோ விற்பவர் எவரும் முன்வரவில்லை.

ஜனவரிக் குளிரில் லாகூரிலும் குவெட்டாவிலும் வெந்நீர்க் கொதிகலன், கணப்பு, அடுப்பு மூன்றும் ஒருசேர எரியும்போது குழாயில் அழுத்தம் சரிகிறது. வசதியுள்ளவர் 'கம்ப்ரஸர்' பொருத்தி வாயுவை உறிஞ்சுகிறார். அவர் வீட்டுக் கொதிகலன் எரிகிறது. தெருக்கோடி வீட்டின் அடுப்பு அணைகிறது. அழுத்தம் மீளும்போது, மூட மறந்த குமிழ் வழியே சுடரின்றி வாயு பரவுகிறது. உறங்கும் குடும்பத்தைப் பலிகொள்ள ஒரு தீப்பொறி போதும்.

இக்கருவியைப் பொருத்துவது சட்டவிரோதம். பிடிபட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். ஆயினும் பயன்பாடு ஒழியவில்லை. பொருத்தாதவர் மட்டுமே குளிரில் நடுங்க நேரும்போது, நேர்மை ஏமாளித்தனமாகிவிடுகிறது. எல்லாரும் பொருத்தினாலோ, குழாயில் வாயு ஒரு துளியும் கூடுவதில்லை. மின்கட்டணமும் ஆபத்தும்தான் கூடுகின்றன.

2023-இல் எரிவாயுக் கட்டணம் கடுமையாக உயர்த்தப்பட்டது. விலை உயர்வு தேவையைக் குறைக்கலாம். ஆனால், அடுப்புக்கு மட்டும் வாயு கேட்கும் ஏழையையும் கொதிகலனுக்குக் கேட்கும் செல்வரையும் அது ஒரே தட்டில் நிறுத்திவிடக் கூடாது. சமையலுக்கான அளவுக்குக் குறைந்த கட்டணம், அதற்கு மேல் உண்மை விலை, அறிவித்த நேரத்தில் தவறாத அழுத்தம், கசியும் குழாய்களின் சீரமைப்பு, வெந்நீருக்குச் சூரிய ஆற்றல் ஆகியவையே நிலையான தீர்வுகள்.

பொதுவளத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். விதி அனைவருக்கும் பொது என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. தமிழக நகரங்களிலும் எரிவாயுக் குழாய்கள் பதிக்கப்பட்டு வரும் இவ்வேளையில், அந்த நம்பிக்கையையும் சேர்த்தே நாம் பதித்தாக வேண்டும்.