எல்லோருக்கும் ஏன் ஒரே நம்பர் ஊசி?



டிசம்பர் உறைபனி ஆரம்பிக்கிறதுக்குள்ள அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பது என்று நம் கைவேலை வகுப்பில் முடிவாகியிருக்கிறது. நல்ல முடிவு. அதுவும் மார்பிலும் கையிலும் நட்சத்திரம் போட்ட இரண்டு கலர் ஸ்வெட்டர். ஒரு ஸ்வெட்டருக்கு நான்கு பேர். ஒருத்தர் முன்பக்கம், ஒருத்தர் முதுகு, மற்ற இரண்டு பேர் ஆளுக்கொரு கை. எல்லோருக்கும் 9-ஆம் நம்பர் ஊசி. இந்தக் கடைசி விஷயம்தான் சரியில்லை என்பது என் கருத்து.

பின்னலில் டென்ஷன் என்று ஒன்று உண்டு. பரீட்சை டென்ஷன் இல்லை! நூலை நம் விரல் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதுதான் அது. ஒரே நூல், ஒரே ஊசி கொடுத்தாலும் ஆளுக்கு ஆள் மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பக்கத்துக்கு 66 கண்ணி போடச் சொல்கிறார்கள். 4 அங்குலத்துக்கு 22 கண்ணி வருகிற கைக்கு அது சரியாக 12 அங்குலம். இறுக்கமான கைக்கு அதே 4 அங்குலத்தில் 24 கண்ணி வரும், அப்போ அகலம் 11 அங்குலம்தான். தளர்ந்த கைக்கு 20 கண்ணிதான் வரும், அகலம் 13.2 அங்குலம் ஆகிவிடும். இறுக்கக் கை முன்பக்கத்தையும் தளர்ந்த கை முதுகையும் பின்னினால் என்ன ஆகும்? பக்கத்துத் தையல் இரண்டும் வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். போன வருஷம் பின்னியதில் ரெண்டு ஸ்வெட்டர் அப்படித்தான் நின்றது. யாரும் சோம்பேறித்தனமாகப் பின்னவில்லை. ஊசி ஒன்று, கை வேறு, அவ்வளவுதான்.

"கையைக் கொஞ்சம் இறுக்கிக்கோ" என்று சொன்னால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. பத்து வரிசை இறுக்கிப் பிடிப்போம், பேச்சு சுவாரஸ்யத்தில் பழைய கைக்கே திரும்பிவிடுவோம். கையெழுத்து மாதிரிதான் இதுவும். எங்கம்மா கடைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்கிறவங்க. அவங்க பின்னினதிலேயே ராத்திரி தூக்கக் கலக்கத்துல போட்ட வரிசை எதுன்னு காலையில விரலால தடவிப் பார்த்தே சொல்லிடுவாங்க. ஒரே ஆளுக்கே இப்படின்னா நாலு பேருக்கு எப்படி இருக்கும்?

அதனால் மாற்ற வேண்டியது கையை இல்லை, ஊசியை. இறுக்கக் கைக்கு 8-ஆம் நம்பர், தளர்ந்த கைக்கு 10-ஆம் நம்பர். (நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், இதை நிறைய பேர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25.) ஊசி வேறு வேறாக இருந்தால்தான் துண்டு ஒரே அளவில் வரும்.

இரண்டு கலர் என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெள்ளை நூலில் பின்னும்போது சிவப்பு நூல் சும்மா பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். கலர் மாற்றும்போது அதை வெடுக்கென்று இழுத்தால் முன்னால் நட்சத்திரம் சுருங்கிவிடும், துணி விரியவே விரியாது. வலது ஊசியில் இருக்கிற கண்ணிகளை விரலால் பரப்பிவிட்டு, அதன் பிறகுதான் அடுத்த கலரை எடுக்க வேண்டும். ரொம்ப லூசாக விட்டாலும் ஆபத்துதான். போன வருஷம் ஒரு குட்டிப் பாப்பாவுக்குக் கை நுழைக்கும்போது உள்ளே நீளமாகத் தொங்கிய நூலில் விரல் மாட்டிக்கொண்டு ஒரே அழுகை. ஐந்து கண்ணிக்கு மேல் தாண்டினால் நடுவில் ஒரு தடவை இரண்டு நூலையும் முறுக்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவு கவனமாகப் பின்னினாலும் டிசைன் வரிசை சாதா வரிசையைவிடக் கொஞ்சம் இறுகத்தான் செய்யும். எனவே சாதாவாக ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்தால் போதாது. நட்சத்திரத்தோடு சேர்த்தே பின்னி, நனைத்துக் காயவைத்து, அப்புறம் அளக்க வேண்டும்.

இந்த மாதிரி டிசைனுக்குப் பேர் போன ஊர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஃபேர் ஐல் தீவு. இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் 1922-ல் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடியதால் அது உலகம் பூரா பிரபலமானது. அங்கே வழக்கமாக வட்டமாகவே பின்னுவார்கள், முன்பக்கம் எப்போதும் கண் முன்னாலேயே இருக்கும். நாம் இரண்டு நேர் ஊசியில் திருப்பித் திருப்பிப் பின்னுகிறோம். திரும்பி வருகிற வரிசை பலருக்கு லூசாகிவிடும். படத்தைப் பார்த்து அப்படியே செய்ய நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

"மாதிரித் துண்டுக்கு ஒரு வாரம் வீணாகுமே, நூலும் வீணாகுமே" என்று கேட்பார்கள். நூல் வீணாகாது. பிரித்து, நனைத்துத் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும், திரும்ப அதையே பின்னலாம். ஒரு வாரம் போவது உண்மைதான். முழு ஸ்வெட்டரைப் பிரித்துத் திரும்பப் பின்ன அதைவிட அதிக நாள் ஆகும். இன்னொன்று, தளர்ந்த கையைச் சோம்பேறிக் கை என்றும் இறுக்கக் கையைக் கஞ்சக் கை என்றும் கிண்டல் பண்ணுவதை விட்டுவிடலாம். நம் வகுப்பில் எல்லாரையும்விடச் சீராகப் பின்னுவது ஒரு பையன்தான், அவன் முதலில் பின்ன வரவே வெட்கப்பட்டான்!

ஆசிரியரிடம் என் வேண்டுகோள்: வருகிற வெள்ளிக்கிழமை ஸ்வெட்டரை ஆரம்பிக்க வேண்டாம். ஆளுக்கு 32 கண்ணி போட்டு நட்சத்திரத்தோடு ஒரு துண்டு பின்னட்டும். அளந்து பார்த்து ஊசி கொடுங்கள். வீட்டில் 8, 10 நம்பர் ஊசி சும்மா கிடந்தால் கொண்டு வாருங்கள் தோழிகளே, எங்கம்மா இரண்டு ஜோடி தருவதாகச் சொல்லியிருக்காங்க. ஸ்கேலை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி