கரண்ட் வைக்கும் நாட்களுக்குக் கூலி யார் கொடுப்பது?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுப்பதை நம் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்கிறோம். அந்தப் பேரைக் கேட்டே பயந்து, ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் நாளைக் கடத்துகிறவர்கள் உண்டு. உண்மையில் இது மின்சாரம் பாய்ச்சுவது அல்ல. கண்ணுக்குத் தெரியாத கதிர், நோயுற்ற உயிரணுக்களின் உட்கருவைத் தாக்கி, அவை பெருகாதபடி செய்கிறது. அக்கம்பக்கத்து நல்ல உயிரணுக்களோ மறுநாளைக்குள் பெரும்பாலும் தம்மைச் செப்பனிட்டுக் கொள்கின்றன. அதனால்தான் ஒரே நாளில் கொடுக்காமல், வாரம் 5 நாள் வீதம் பிரித்துக் கொடுக்கிறார்கள். நடுவில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலையெடுக்க வழி உண்டாகும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் நிலையம். 1957-இல் அங்கே கோபால்ட் எந்திரம் வந்தது. இன்றைய எந்திரங்கள் கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை வடிவமைத்துச் செலுத்துகின்றன. மார்பகப் புற்றுநோய்க்கு ஆரம்ப நிலையில் ஆபரேஷன் செய்துகொண்ட நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துப் பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். 3 வாரத்தில் 15 முறை கொடுப்பதற்குப் பதில், ஒரே வாரத்தில் 5 முறை கொடுத்தாலும் ஐந்தாண்டு வரை பலன் குறையவில்லை என்று 2020-இல் வெளியிட்டார்கள். யாருக்கு எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நாள் குறைவதன் அருமை, தினக்கூலிக்காரனுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

வாய், தொண்டை, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு இன்றும் பொதுவாக 5 முதல் 7 வாரம் ஆகிறது. கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. சரி, அத்தனை வாரம் வீட்டில் அடுப்பெரிய யார் தாங்குவது? நோயாளியின் கூலியும் போகிறது, துணைக்குப் போகிறவர் கூலியும் போகிறது. பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் கடனாக ஏறுகின்றன. பாதியில் திரும்பி வருகிறவரை 'அறியாமை' என்று ஏசுவது அநியாயம். அவரைத் திருப்பி அனுப்புவது வறுமைதான்!

பஞ்சாலைத் தோழர்களே! இ.எஸ்.ஐ. திட்டத்தின்படி, உரிய சர்வீசும் சந்தாவும் உள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் கண்டால் 80 சதவீதக் கூலி நீண்டகாலப் பலனாக உண்டு. இரண்டாண்டு வரை அது நீடிக்கலாம். போராடிப் பெற்ற உரிமை இது. ஆனால் பதிவேட்டில் பேர் ஏறாத கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இது கிடைப்பதில்லை. வயலில் நாற்று நடுகிறவருக்கும், திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்கும், விடியுமுன் ஜீப்பில் ஏலமலை ஏறும் பெண்களுக்கும் அப்படியோர் உரிமையே இல்லை. ஒரே நோய், ஒரே சிகிச்சை. ஒருவருக்குப் பாதுகாப்பு, மற்றவருக்குப் பட்டினி. இது என்ன நீதி?

ஆகவே நாம் கோருகிறோம்: விவசாயத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் சிகிச்சை நாட்களுக்குச் சர்க்கார் கூலி கொடுக்க வேண்டும். நோயாளிக்கும் துணையாளுக்கும் இலவசப் பயணமும், ஆஸ்பத்திரி அருகே இலவசத் தங்குமிடமும் வேண்டும். மாவட்டந்தோறும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு எந்திரமும், அதை இயக்கப் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும்.

மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தக் கோரிக்கையை ஒன்றாகவே எழுப்ப வேண்டும். அதுவரை ஒன்று செய்வோம்: நம் கிராமத்தில் சிகிச்சையைத் தொடங்கிய எவரும் பஸ் கட்டணம் இல்லாமல் பாதியில் நிற்க விடமாட்டோம்!