ஊசியும் கணக்குப் புத்தகமும்

கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்களை விசாரித்துப் பாருங்கள். மணப்பெண் உடுத்தியிருந்ததைக் கரை, ஜரிகை, வர்ணம் உட்பட ஒன்று விடாமல் சொல்லுவார்கள். அதைத் தைத்துக் கொடுத்தது யார் என்று கேட்டாலோ விழிப்பார்கள். உலகமெங்கும் வழக்கம் இதுவே. ஆனால், மணப்பெண்களின் உடை தைப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு கடை திறக்க விரும்பும் பெண்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. அத்தொழிலில் ஈடு இணையின்றி விளங்கிய ஓர் அம்மையாரின் சரித்திரத்தை இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் 1898-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆன் லோ, கறுப்பு இனத்தவர். அவருடைய பாட்டியார் அடிமையாக வாழ்ந்தவர். அடிமைத்தளை நீங்கிய பின், பாட்டியும் தாயும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு உடை தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். தாயார் காலமானபோது, கவர்னரின் மனைவிக்கென்று தைத்து வந்த நான்கு உடைகள் பாதியில் நின்றன. இருபது வயது நிரம்பாத ஆன் லோ அவற்றை முடித்துக் கொடுத்தார்.

1917-இல் நியூயார்க் சென்று ஒரு தையற் பள்ளியில் சேர்ந்தார். மற்ற மாணவிகளோடு உட்கார விடாமல், தனி அறையில் அவரை இருத்தினார்கள். ஆயினும் அவர் தைத்தவற்றையே அம்மாணவிகளுக்கு மாதிரியாக எடுத்துக் காட்டும்படி ஆயிற்று! பிறகு புளோரிடாவில் டாம்பா நகரில் தொழில் நடத்திப் பொருள் சேர்த்து, 1928-இல் மீண்டும் நியூயார்க் வந்தார். அங்கே நெடுங்காலம் பிறர் கடைகளுக்கே தைத்தார். 1947-இல் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் ஆஸ்கார் பரிசு பெற்றபோது அணிந்திருந்த உடை லோ அம்மையாரின் கைவேலை. அதில் பொறித்திருந்த பெயரோ வேறொருவருடையது. 1950-இல்தான் தம் மகனுடன் சேர்ந்து தம் பெயரிலேயே கடை திறந்தார்.

1953 செப்டம்பர் 12-ஆம் தேதி நியூபோர்ட்டில் ஜாக்குலின் பூவியேவுக்கும், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடிக்கும் விவாகம். மணமகளின் உடைக்குச் சுமார் 50 கஜம் தந்த வர்ணப் பட்டு. வேலை இரண்டு மாதம். விவாகத்துக்குப் பத்து நாள் இருக்கையில் தையற்கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. மணமகளுக்கும் தோழிகளுக்குமாகத் தைத்திருந்த 15 உடைகளில் 10 பாழாயின, மணமகளின் உடை உட்பட. லோ அம்மையார் மணவீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிதாகப் பட்டு வாங்கி, இரவு பகலாக ஆட்களை வைத்துத் தைத்து முடித்தார். உடைகளோடு போய்ச் சேர்ந்தவரைக் கொல்லைப்புற வாசலால் வரச் சொன்னார்கள். முன்வாசலால் விடாவிட்டால் உடைகளைத் திருப்பிக் கொண்டு போய்விடுவதாகச் சொல்லி, முன்வாசல் வழியாகவே நுழைந்தார்.

அந்த உடையைப் பத்திரிகைகள் வானளாவப் புகழ்ந்தன. தைத்தவர் பெயரைப் பெரும்பாலும் சொல்லவில்லை. 700 டாலர் லாபம் எதிர்பார்த்தவருக்கு 2,200 டாலர் நஷ்டம். கணக்குச் சொல்லிக் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு, 2,900 டாலர் வித்தியாசத்தைக் கண்டும் காணாமல் போக மனம் வரவில்லை.

அதன்பின் நடந்தது இன்னும் துயரம். கடைக்கணக்கைக் கவனித்து வந்த மகன் 1958-இல் விபத்தில் மாண்டார். கோடீசுவரக் குடும்பத்துச் சீமாட்டிகள் பேரம் பேசினார்கள். வேலையின்மீது உள்ள ஆசையால் அம்மையாரும் அடக்க விலைக்குக் குறைவாகவே ஒத்துக்கொண்டார். 1962-இல் வரிப் பாக்கிக்காகக் கடை மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே ஒரு கண்ணும் போயிற்று. பெயர் சொல்லாத ஒருவர் பாக்கியைக் கட்டியதால் மறுபடி தொழில் தொடங்க முடிந்தது. 1981-இல் காலமானார்.

நிறத்தைக் காட்டி இழிவு செய்த சமூகத்தின் குற்றம் பெரிது, அதை மறைப்பதற்கில்லை. கலைஞரிடம் பேரம் பேசுவதைச் சாமர்த்தியம் என்று நினைக்கும் செல்வர்களின் குற்றமும் உண்டு. ஆனால் நம் பெண்கள் தங்களைக் காத்துக்கொள்ள வழி தேட வேண்டாமா?

மணப்பெண் ரவிக்கைக்குச் சித்திரத் தையல் போட்டுச் சம்பாதிக்கும் பெண்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். துணி, நூல், மணி ஆகியவற்றின் விலையைக் கணக்கில் எழுதுகிறார்கள். கண் விழித்த இரவுகளுக்குக் கூலி எழுதுவதில்லை. “தெரிந்தவர்கள்தானே!” என்று விட்டுவிடுகிறார்கள். அது தர்மமும் அன்று, வியாபாரமும் அன்று. துணியில் கத்தரி வைக்குமுன் சரக்கு, ஆட்கூலி, தன் கூலி, வாடகை ஆகிய நான்கையும் எழுதி விலை சொல்ல வேண்டும். பாதிப் பணம் முன்னதாக வாங்க வேண்டும். குழாய் வெடிக்கும் நாளுக்கென்று லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். தைத்த உடையில் தன் பெயரை ஒரு சிறு துண்டிலாவது பொறித்துத் தர வேண்டும்.

2023-இல் டெலவேர் மாநிலத்து வின்டர்தூர் காட்சிச்சாலையில் ஆன் லோ தைத்த உடைகளைத் திரட்டி, அவர் பெயராலேயே பெரிய கண்காட்சி நடத்தினார்கள். கடையைப் பூட்டிய நாளில் அந்தக் கீர்த்தி அவருக்கு உதவவில்லை. பெண்ணுக்குத் தையல் இயந்திரம் வாங்கித் தரும் பெற்றோர்கள், கூடவே ஒரு கணக்குப் புத்தகமும் வாங்கித் தருவார்களாக.